வைப்பருக்குப் பொருந்தாத பாட்டு

மழை கொட்டுகிறது. ஒரு வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவன் இஞ்சினை அணைக்கவில்லை, இறங்கவும் இல்லை. முன்கண்ணாடியில் தண்ணீர் வழிந்து அவன் முகம் கலைகிறது. வைப்பர் ஒரு தரம் துடைத்ததும் தெரிகிறது. மறுபடி கலைகிறது. ஒன்றரை நிமிடத்துக்கு வசனமே கிடையாது. பின்னணியில் ஒரு பாட்டு மட்டும். பெண் குரல், துணைக்கு ஒரு பியானோ. பாட்டு பல்லவிக்கு வரும் நொடியில் அந்த வீட்டின் மாடியில் விளக்கு எரியும். அவன் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

1998ல், இரவு 11 மணிக்கு மேல் ஒளிபரப்பான ஓர் ஆங்கிலத் தொடரில் இதைப் பார்த்தேன். நானும் தம்பியும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, டிவிக்கு மிக அருகே உட்கார்ந்திருப்போம். அந்தத் தொடரின் கதை பாதிக்கு மேல் மறந்துவிட்டது. காரில் இருந்தவன் ஏன் அங்கே வந்தான், மாடியில் விளக்கைப் போட்டது யார் என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியாது. பாட்டு மட்டும் போகவில்லை. பேர் தெரியாது, பாடியது யாரென்று தெரியாது, ஆனால் முனகச் சொன்னால் முனகுவேன்.

போன வருஷம் அதே தொடர் ஓர் ஓடிடி தளத்தில் வந்திருப்பதைத் தம்பிதான் பார்த்துச் சொன்னான். இருவரும் சேர்ந்து அந்த அத்தியாயத்தைத் தேடிப் போட்டோம். மழை வந்தது. கார் வந்தது. பாட்டு வரவில்லை. அந்த இடத்தில் ஒரு கிட்டார் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. நன்றாகவே வாசித்தது. யாரும் பாடவில்லை. விளக்கு எரிந்தது, கார் திரும்பியது, காட்சி முடிந்துவிட்டது.

“இது இல்லடா, இங்க ஒரு பாட்டு இருந்தது” என்றேன். தம்பி திரும்ப ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தான். “அக்கா, அப்பவும் இதேதான் இருந்துச்சு. நீ வேற எதையோ இதோட சேர்த்து ஞாபகம் வச்சிருக்க” என்றான். சண்டைக்காகச் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. திரையில் இருப்பது கண்ணெதிரே இருக்கிறது. என்னிடம் இருப்பதோ 25 வருஷப் பழைய ஞாபகம். எதை நம்புவது?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பாட்டு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை வருஷம் நான் பத்திரமாக வைத்திருந்த ஒன்று நானே கட்டிக்கொண்டதாக இருந்தால், மற்றதெல்லாம் என்ன ஆகும்?

நோட்டில் இருந்தது

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. கணக்குப் பாடத்துக்கு வாங்கி மிச்சமான, கட்டம் போட்ட நோட்டு. டிவியில் காதில் விழும் பாட்டுகளை அதில் எழுதி வைப்பேன். பாட்டு நிகழ்ச்சிகளில் வருவது மட்டுமல்ல. தொடரில் யாரோ காபி குடிக்கும்போது ஓரமாக ஓடும் நான்கு வரி, விளம்பரத்தில் ஆறு நொடி, விளையாட்டு ஒளிபரப்பின் இடைவேளையில் வந்துபோகும் ஒரு மெட்டு, எல்லாம் அதில் ஏறும். நாள், நிகழ்ச்சி, என்ன காட்சி, பிடிபட்ட சொற்கள், பாடுவது ஆணா பெண்ணா, தெரிந்த வாத்தியம். கடைசியில் ‘பேர்’ என்று எழுதி ஒரு கோடு. பேர் தெரியவரும் அன்று கோட்டின் மேல் எழுதுவேன். சில கோடுகள் ஒரே வாரத்தில் நிரம்பின. சில ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டன. இன்னும் காலியாக இருப்பவை உண்டு.

இதைப் பொழுதுபோகாத வேலை என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்கு அப்படி ஒருபோதும் தோன்றியதில்லை. ரேடியோவில் பாட்டு வந்தால், வருகிறது என்று சொல்லிவிட்டுத்தான் வரும். டிவியில் ஒரு காட்சிக்குப் பின்னால் வரும் பாட்டு சொல்லாமல் வந்து, சொல்லாமல் போகும். அதை எழுதி வைக்காவிட்டால் அது வந்ததற்கே அடையாளம் கிடையாது. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் பாட்டு விவரம் இருந்தாலும் கண் போவதற்குள் மேலே ஏறிவிடும். பாதி நாள் அடுத்த நிகழ்ச்சியின் அறிவிப்பு வந்து அதையும் மறைத்துவிடும். ஆகவே காதை நம்பித்தான் ஆக வேண்டும். பாடுபவர் உச்சரிப்பு புரியாவிட்டால் கேட்ட ஒலியை அப்படியே தமிழில் எழுதி வைப்பேன், பிறகு யாராவது விவரம் தெரிந்தவரிடம் வாசித்துக் காட்டுவேன்.

அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். மழைக் காட்சி இருந்தது. பென்சிலில், அவசரமாக: “மழை, கார். பெண், பியானோ. ‘ஹோம்’ 2 தரம். வைப்பர்!! பேர்:” அதற்குப் பிறகு கோடு, காலியாக.

‘வைப்பர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டு ஆச்சரியக்குறிகள். ஏன் போட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. அதற்காகக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்த முறை கிட்டாரைக் கேட்காமல் வைப்பரை மட்டும் பார்த்தேன். அது போய்த் திரும்புகிறது, போய்த் திரும்புகிறது. கிட்டார் தன் போக்கில் போகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவரின் காதிலிருந்து பாட்டைப் பிடுங்கிவிட்டால், அவர் கை மட்டும் ஆடிக்கொண்டிருப்பது போல இருந்தது. மாடி விளக்கு எரியும் நொடியில் கிட்டாரில் எதுவும் நடக்கவில்லை. ஒரு ஸ்வரத்தின் நடுவில் எரிகிறது.

சரி, படம் எதற்கோ வெட்டப்பட்டிருக்கிறது, இந்தக் கிட்டாருக்கு இல்லை. அது தெரிந்துவிட்டது. தம்பியிடம் சொன்னேன். “இருக்கலாம்” என்றான். நோட்டை நான்தானே எழுதினேன், நானே எனக்குச் சாட்சியா?

பாடுகிறாரா, வாயசைக்கிறாரா

டிவியில் பாட்டைப் பார்த்துப் பழகிய என் போன்றவர்களுக்குச் சந்தேகம் புதிதில்லை. பாட்டு நிகழ்ச்சி எதைப் பார்த்தாலும் முதலில் வரும் கேள்வியே, இவர் நிஜமாகப் பாடுகிறாரா என்பதுதான். எலக்ட்ரிக் கிட்டாரிலிருந்து ஒயரும் போகவில்லை, வார்ப்பட்டையில் சின்னப் பெட்டியும் இல்லை என்றால் அது வாசிக்கப்படவில்லை. டிரம்காரர் தட்டைத் தொட்ட பிறகு ஓசை தாமதமாக வந்தால், அல்லது தட்டு அசையவே இல்லை என்றால், சத்தம் வேறெங்கிருந்தோ வருகிறது. மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பியும் குரல் மங்கவில்லையென்றால் சந்தேகமே வேண்டாம். இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த அடையாளம் பாட்டின் முடிவு. இசைத்தட்டில் பல பாட்டுகள் முடிவதில்லை, மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். மேடையில் ஒரு குழு அப்படித் தேய முடியாது, எங்காவது நிறுத்தியாக வேண்டும். ஆகவே டிவியில் ஒரு பாட்டு தேய்ந்து மறைந்துகொண்டிருக்க, குழுவினர் அதே வேகத்தில் கைகளை வீசிக்கொண்டிருந்தால் அது இசைத்தட்டுதான்.

வாயசைப்பைக் குற்றமாக நான் நினைக்கவில்லை. அரை மணி நேர நிகழ்ச்சியில் ஏழெட்டுக் குழுக்களை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒலி சரிபார்க்க நேரம் கிடையாது. பிபிசியின் பாப் பாட்டு நிகழ்ச்சியான ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. 1991ல் அமெரிக்க ராக் குழுவான நிர்வாணா அங்கே வந்தபோது வாத்தியங்கள் ஒலிநாடாவில் ஓடின, குரல் மட்டும் நேரடி. குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தன் வழக்கமான குரலை விட்டுவிட்டு அடித்தொண்டையில் இறக்கிப் பாடினார், கிட்டாரைத் தொட்டும் தொடாமலும் தடவினார். ஏற்பாடு தனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்கவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று ஓர் உண்மை காட்டப்பட்டது. எனக்கு அது மரியாதைக்குரிய செயல்.

காதில் விழும் பாட்டின் பேரைக் கண்டுபிடிக்க இப்போது செயலி இருக்கிறது. ஷசாம் 2002ல் பிரிட்டனில் தொடங்கியபோது அது செயலியே இல்லை. 2580 என்ற எண்ணுக்கு அழைத்து, போனைப் பாட்டு வரும் பக்கம் நீட்ட வேண்டும், இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும், அப்புறம் பாட்டின் பேர் குறுஞ்செய்தியில் வரும். அதன் வேலை எப்படி என்று, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஏவரி வாங் 2003ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஒலியை நேரத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் ஒரு வரைபடமாக்குகிறது. அதில் உயர்ந்து நிற்கும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. இரவு வானத்தில் பளிச்சென்று தெரியும் நட்சத்திரங்களை மட்டும் தாளில் குறித்துக்கொள்வது போல. பிறகு புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, இரண்டின் அதிர்வெண் என்ன, நடுவே எவ்வளவு நேரம் என்று கணக்கு எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் பாட்டுகளின் கணக்குகளோடு ஒப்பிடுகிறது. இந்தக் கணக்குதான் ஒலியின் கைரேகை. பாட்டின் மேல் யாராவது பேசிக்கொண்டிருந்தாலும் உயர்ந்த புள்ளிகள் போதுமான அளவு தப்பிவிடும். அதனால்தான் வசனத்துக்குக் கீழே ஓடும் பாட்டைக்கூட அதனால் பிடிக்க முடிகிறது.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த முறை பாட்டை அடையாளம் காண்பதில்லை, ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவை அடையாளம் காண்கிறது. அதே பாடகர் அதே பாட்டை மேடையில் பாடினால் மூச்சு இடம் மாறும், நெடில் நீளும், புள்ளிகள் வேறு இடத்தில் விழும். கைரேகை பொருந்தாது. அதாவது டிவியில் யாரோ பாடும்போது போனை நீட்டி, இசைத்தட்டின் பேர் டக்கென்று வந்தால் அது வாயசைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். செயலி தடுமாறினால் அவர் நிஜமாகவே பாடுகிறார் என்று நம்ப இடம் இருக்கிறது. நான் இப்படிச் சோதித்துப் பார்ப்பதுண்டு. செயலி கைவிரிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் என் மழைக் காட்சிக்குச் செயலியால் பயன் இல்லை. இல்லாத பாட்டின் முன் போனை எப்படி நீட்டுவது?

அழிந்தவை

‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ 1964 ஜனவரி 1 அன்று தொடங்கியது. 1960களில் ஒளிபரப்பானவற்றில் முழுதாக மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அன்றைய வீடியோ நாடாக்கள் விலை அதிகம், அழித்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம், ஒளிபரப்பான நிகழ்ச்சியை மறுபடி போடுவதற்கு ஒப்பந்தச் சிக்கல்கள். இப்படி அழிந்ததில் ஒன்று பீட்டில்ஸ் அந்த நிகழ்ச்சிக்கு நேரில் வந்த ஒரே நாள், 1966 ஜூன் 16. 2019ல் அதிலிருந்து 11 நொடி கிடைத்தது. ஏதோ ஆவணக் கிடங்கில் இல்லை. அந்த நாளில் ஒரு வீட்டில் யாரோ 8 மி.மீ. ஃபிலிம் கேமராவை டிவித் திரைக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் சத்தம் இல்லை. அந்த 11 நொடிகள் தப்பிப் பிழைத்தது யாரோ ஒருவருக்கு இதைப் பிடித்து வைக்க வேண்டும் என்று தோன்றியதால்தான். இதைப் படித்த அன்று அந்த முகம் தெரியாத மனிதர் என் சொந்தக்காரர் போலத் தோன்றினார்.

ஆங்கிலப் பாடகர் டேவிட் போயி கதையும் இப்படித்தான். 1973 ஜனவரியில் அவர் அங்கே ‘தி ஜீன் ஜீனி’ பாடினார், வாயசைக்காமல். நாடா அழிக்கப்பட்டது. அன்று கேமரா பிடித்த ஜான் ஹென்ஷால், தான் பயன்படுத்திய மீன்கண் லென்ஸ் எப்படி வேலை செய்தது என்று காட்டுவதற்காக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் என்று அவருக்கே தெரியாது. 2011ல்தான் அது திரும்ப டிவிக்கு வந்தது. ஏறத்தாழ 39 வருஷம் ஒரு பாட்டு ஒருவரின் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது.

இவை அழிந்துபோனவை. என் காட்சி அழியவில்லை, மாற்றப்பட்டிருந்தது. இது இன்னும் மோசம் என்பது என் எண்ணம். அழிந்தால் அங்கே ஓர் ஓட்டை இருப்பதாவது தெரியும். மாற்றினால் ஓட்டை இருந்த இடமே தெரியாது, ஞாபகம் வைத்திருப்பவர்தான் தப்பாகத் தெரிவார்.

மாற்றுவதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு தொடரில் ஒரு பாட்டைப் போட இரண்டு பேரிடம் அனுமதி வேண்டும். பாட்டை எழுதி இசையமைத்தவரின் உரிமை ஒன்று, அந்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் இரண்டு கைகளில் இருக்கும். பழைய ஒப்பந்தங்கள் பல டிவி ஒளிபரப்புக்கு மட்டும், அதுவும் சில வருஷங்களுக்கு மட்டும் போடப்பட்டவை. டிவிடி வரும், ஓடிடி வரும் என்று அப்போது யார் கண்டார்? ஒரு ரேடியோ நிலையத்தில் நடக்கும் ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 1978ல் தொடங்கியது. அதில் பாட்டுகள்தான் உயிர். பின்னாளைய மறு ஒளிபரப்பிலும் டிவிடியிலும் நிறையப் பாட்டுகள் மாறிவிட்டன. ‘தி ஒண்டர் இயர்ஸ்’ 1993ல் முடிந்தது. பாட்டு உரிமைகளைப் பேசி முடித்து முழுத் தொடரும் டிவிடியாக வர 2014 ஆயிற்று. காத்திருந்து உரிமைகளை வாங்கி வெளியிட்டவர்களை மதிக்கிறேன். எல்லோராலும் முடியாது என்பதும் புரிகிறது.

ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ‘கியூ ஷீட்’ என்று ஒன்று தயாரிப்பார்கள். எந்த இடத்தில் எந்த இசை, எத்தனை நொடி, எழுதியவர் யார், உரிமை யாருடையது என்ற பட்டியல். ராயல்டி பிரித்துக் கொடுப்பதற்காக அது உரிமைச் சங்கங்களுக்குப் போகும். இதைப் பற்றித் தெரிந்துகொண்டபோது என் நோட்டை நினைத்துக்கொண்டேன். அதே கட்டங்கள், அதே விவரம். வித்தியாசம், அதில் பேருக்கான கோடு காலியாக இருக்காது. என் மழைக் காட்சிக்கும் எங்கோ ஒரு கோப்பில் அப்படி ஒரு தாள் இருக்கக்கூடும். அது பார்வையாளர் கைக்கு வருவதற்காக எழுதப்படுவதில்லை.

இன்றைக்கு ஒரு பாட்டு டிவியில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022ஐப் பார்த்தால் போதும். கேட் புஷ் 1985ல் பாடிய ‘ரன்னிங் அப் தட் ஹில்’ ‘ஸ்டிரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் வந்தது, 37 வருஷம் கழித்து பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. பேர் தெரியாமல் யாரும் ஒரு நாள்கூடத் தவிக்கவில்லை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் செயலி பேரைத்தான் சொல்லும். இந்தப் பாட்டு இந்தக் காட்சியில், இந்த நொடியில் இருந்தது என்று அது எங்கும் எழுதி வைப்பதில்லை. நாளைக்கு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால் அதன் பேரையும் அதே வேகத்தில் சொல்லிவிடும்.

நாடா

அந்த நாட்களில் சில அத்தியாயங்களை வீட்டு வி.சி.ஆரில் பதிவு செய்திருந்தோம் என்பது எனக்குத் தெரியும். எவற்றை என்றுதான் தெரியாது. ஒரே நாடாவின் மேல் மூன்று நான்கு தடவை பதிவு செய்வது வழக்கம். ஒரு பெட்டியில் 14 கேசட் இருந்தன. மேலே ஒட்டிய தாள்களில் எழுத்து அடித்துத் திருத்தி, அடித்துத் திருத்தி, எதையும் நம்ப முடியாத நிலை. இரண்டு கேசட்டுகளில் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை. அவற்றை இயந்திரத்தில் போட்டால் அதுவும் கெடும், அடுத்த நாடாவும் கெடும், ஆகவே தனியே எடுத்து வைத்தேன். ஒரு நண்பர் வீட்டில் ஓடக்கூடிய வி.சி.ஆர். இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போய் உட்கார்ந்தேன்.

ஒன்பதாவது கேசட். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் படம் கிழிந்து, பனி பெய்து, சத்தம் ஒரு விநாடி நெளிந்து, பாதி வசனத்தில் அந்தத் தொடர் ஆரம்பித்தது. ஆட்டத்தைப் பதிவு செய்தவர் இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். மழை வந்தது. திரையின் அடியில் கோடுகள் நடுங்கின. கார் நின்றது. பியானோ தொடங்கியது.

நான் வைப்பரைத்தான் பார்த்தேன். இடப்பக்கம் போகும்போது பியானோவில் இடது கையின் கனத்த ஸ்வரம். திரும்பும்போது வலது கையின் இரண்டு ஸ்வரங்கள். போகும், ஒன்று. திரும்பும், இரண்டு. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அப்புறம் அந்தக் குரல். அவர் மூச்சு இழுப்பது நாடாவின் இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டது. ‘ஹோம்’ என்றார். மறுபடி ‘ஹோம்’ என்றார். பல்லவி ஏறிய அதே நொடியில் மாடி விளக்கு எரிந்தது. அந்தப் படத்தை வெட்டிய எடிட்டர் எத்தனை இரவுகள் இந்தப் பாட்டைக் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். அந்த ஆச்சரியக்குறிகளைப் போட்ட பெண்ணையும் நினைத்தேன். அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

காட்சியைக் கணினிக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். முதல் வேலையாகச் செயலியை நீட்டினேன். கண்டுபிடிக்கவில்லை. பத்துத் தடவை முயன்றேன், இல்லை. பழைய நாடா, இரைச்சல் அதிகம் என்று விட்டுவிடப் பார்த்தேன். அப்போதுதான் நேரம் கண்ணில் பட்டது. ஓடிடியில் அந்தக் காட்சி 90 நொடி. என் நாடாவில் 86 நொடிதான். வெட்டு எதுவும் இல்லை, ஒவ்வொரு ஷாட்டும் இருக்கிறது. அப்படியானால் என் நாடா வேகமாக ஓடுகிறது.

பழுது வி.சி.ஆரில் இல்லை. ஃபிலிமில் எடுப்பவை நொடிக்கு 24 சட்டம், அதாவது 24 ஃபிரேம், என்ற கணக்கில் ஓடும். நான் பதிவு செய்த ஒளிபரப்பு பி.ஏ.எல். என்ற டிவி முறையில் வந்தது, அதற்கு நொடிக்கு 25 வேண்டும். இதற்கு மிக எளிய வழி, படத்தை அப்படியே 25 சட்டத்தில் ஓட்டிவிடுவது. 4 சதவீதம் வேகம் கூடும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சத்தமும் சேர்ந்து வேகமாகும், சுருதி ஏறத்தாழ முக்கால் அரைச்சுருதி உயர்ந்துவிடும். அந்த ஒளிபரப்பு முறையில் ஃபிலிம் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலரும், தெரியாமலே, கொஞ்சம் மேலேறிய சுருதியில் பாட்டுகளைக் கேட்டிருக்கிறோம். புள்ளிகளுக்கு நடுவே உள்ள நேரமும் மாறி, அதிர்வெண்ணும் மாறினால் கைரேகை எப்படிப் பொருந்தும்?

4 சதவீதம் வேகத்தைக் குறைத்தேன். போனை நீட்டினேன். நான்கு நொடி.

பேர் வந்துவிட்டது. பாடியவர் பேரும், ஆல்பத்தின் பேரும், அட்டைப் படமும். அவற்றை இங்கே எழுதவில்லை. எழுதினால் எந்தத் தொடர் என்று தெரிந்துவிடும், இசையை மாற்ற வேண்டி வந்தவர்களைச் சந்திக்கு இழுப்பது என் நோக்கமில்லை. நோட்டை எடுத்து, காலியாக இருந்த கோட்டின் மேல், அதே போல் பென்சிலில் எழுதினேன்.

அடுத்த வாரம் தம்பி வந்தான். எதுவும் சொல்லாமல் நாடாவிலிருந்து எடுத்த காட்சியைப் போட்டேன். முதல் பியானோ ஸ்வரத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்போதும் பேசவில்லை. குரல் வந்தது. அவன் உதடு அசைவதைப் பார்த்தேன். பல்லவிக்கு ஒரு மூச்சு முன்னால் அவனே மெல்ல முனக ஆரம்பித்தான், விளக்கு எரிவதற்கு முன்பே மேல் ஸ்வரத்துக்குப் போய்விட்டான். இந்தப் பாட்டு இல்லவே இல்லை என்று சாதித்தவன்.

“இதான்க்கா. இதேதான். எப்படி மறந்தேன்?” என்றான்.

சரியான வேகத்தில் இருப்பதைப் பிறகு போட்டுக் காட்டினேன். பாடியவர் பாடிய சுருதி, இசைத்தட்டில் இருக்கும் அதே நடை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பாதியில் கையை நீட்டி நிறுத்தினான்.

“இது இல்லக்கா. இது மெதுவா இருக்கு. அந்தப் பழசையே போடு.”